கட்டித் தீர்ந்த கடனா, தள்ளுபடி ஆன கடனா?

இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வோம். அப்பா வழி கத்தோலிக்கக் குடும்பம். அப்பத்தா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்பார். அம்மாச்சி சீர்திருத்த சபை. அவர் பழைய மொழிபெயர்ப்புப் பைபிளில் மத்தேயு 6:12 இருக்கிறபடியே, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பார். சின்ன வயதில் எனக்கு அம்மாச்சியின் ஜெபம்தான் பிடிபடவில்லை. கடவுளிடம் நாம் எப்போது கடன் வாங்கினோம்? வாங்கியிருந்தால், திருப்பிக் கட்டாமல் மன்னிக்கச் சொல்வது நியாயமா?

பிரசங்கத்தில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கும். பாவம் ஒரு கடன். கடவுள் நீதியுள்ளவர், கடனைச் சும்மா விட அவரால் முடியாது. நம்மால் கட்டவும் முடியாது. ஆகவே இயேசு சிலுவையில் நமக்காகக் கட்டினார், நமக்கு மன்னிப்பு கிடைத்தது. கேட்கும்போது கணக்கு நேராகத்தான் இருக்கிறது. நின்று யோசித்தால் ஒரு முடிச்சு தட்டுப்படும்.

மளிகைக் கடை நோட்டில் என் பேரில் 3,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மச்சான் போய்க் கட்டிவிட்டால், அண்ணாச்சி வரவு வைத்துக் கணக்கை முடிப்பார். அவர் என்னை மன்னித்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டது. நான் நன்றி சொல்ல வேண்டியது மச்சானுக்கு. மச்சான் யாரும் வராமல், அண்ணாச்சியே "விடு தம்பி, பார்த்துக்கலாம்" என்று அந்த வரியில் குறுக்கே கோடு போட்டால், அது தள்ளுபடி. ஒரே பாக்கி கட்டியும் தீர்ந்து தள்ளுபடியும் ஆக முடியாது. கிறிஸ்தவ மரபோ பல நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வருகிறது: கடன் கட்டப்பட்டது, கடன் மன்னிக்கப்பட்டது.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக்கு விலை உண்டு. அந்த விலையைக் கடவுள் தம்மேல் ஏற்றிக்கொள்கிறார் என்பதைத்தான் சிலுவை சொல்கிறது. ஆனால் அது அவர் கையில் யாரோ கட்டித் தீர்க்க வேண்டியிருந்த தொகை என்பதற்கு, இயேசுவின் வாயிலிருந்து வந்த கடன் கதைகளில் ஆதாரம் இல்லை. சபையின் பெரிய ஆசிரியர்களிலும் பலர் அப்படிச் சொன்னதில்லை.

முதலில் அந்தச் சொல். எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் பாவம் பெரும்பாலும் ஒரு சுமை. பாவம் செய்தவன் அதைச் சுமக்கிறான். மன்னிக்கிறவர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். 'நாஸா' என்ற ஒரே வினைச்சொல்தான் 'சுமத்தல்', 'எடுத்துப் போதல்', 'மன்னித்தல்' எல்லாவற்றுக்கும். லேவியராகமம் 16இல் வரும் போக்காடு இஸ்ரவேலரின் அக்கிரமங்களையெல்லாம் தன்மேல் சுமந்துகொண்டு குடியில்லாத தேசத்துக்குப் போகிறது. அங்கே யாரும் எதையும் கட்டுவதில்லை. பாரம் ஊரை விட்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

பிறகு யூதர்களின் பேச்சுமொழி அராமேயம் ஆனது. அந்த மொழியில் 'ஹோபா' என்றால் கடன். பாவத்துக்கும் அதே சொல். எபிரேய வேதத்தை அராமேயத்துக்குக் கொண்டுவந்த தார்கும்களில், 'பாவத்தை எடுத்துப் போதல்' என்று இருந்த இடங்கள் 'கடனை விட்டுவிடுதல்' என்று மாறுவதைப் பார்க்கலாம். இயேசு பேசியது இந்த மொழி. மத்தேயு அந்தச் சொல்லை அப்படியே 'கடன்கள்' என்று கிரேக்கத்தில் எழுதினார். கிரேக்க வாசகனுக்குக் கடன் என்றால் வெறும் பணம்தான் நினைவுக்கு வரும் என்பதாலோ என்னவோ, லூக்கா 11:4 முதல் பாதியில் 'பாவங்கள்' என்று மாற்றிவிட்டு, இரண்டாம் பாதியில் மட்டும் கடனை வைத்துக்கொள்கிறது: "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும் நாங்களும் மன்னிக்கிறோமே."

இந்த இடத்தில் எனக்குத் தமிழைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அப்பத்தா சொன்ன 'பொறுத்தருளும்' என்பதில் இருப்பது 'பொறு'. சுமப்பதும் பொறுப்பதுதான், தாங்குவதும் பொறுப்பதுதான், மன்னிப்பதும் பொறுப்பதுதான். எபிரேயத்தின் 'நாஸா'வுக்கு இவ்வளவு நெருக்கமாக வரும் சொல் தமிழில் தயாராக இருந்திருக்கிறது. ஆக, எங்கள் வீட்டின் இரண்டு ஜெபங்களிலும் பைபிளின் இரண்டு காலங்கள் பேசிக்கொண்டிருந்தன: ஒன்றில் சுமை, மற்றதில் கடன்.

சரி, கடன் என்றே வைத்துக்கொள்வோம். இயேசு கடனைப் பற்றிக் கதை சொல்லும்போது அதில் என்ன நடக்கிறது?

மத்தேயு 18இல் ஒரு ராஜா கணக்குப் பார்க்கிறார். ஓர் ஊழியக்காரன் 10,000 தாலந்து பாக்கி. ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவனின் ஒரு நாள் சம்பளம். பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருஷம். இன்னொரு அளவுகோல்: கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருஷ வருமானம் 200 தாலந்து என்று வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். அதாவது அந்த வட்டாரம் முழுவதும் 50 வருஷம் கட்டும் வரி இந்த ஒருவனின் பாக்கி. அவனோ காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயாக்காரர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை என்று உடனே தெரிந்திருக்கும்.

ராஜா தவணை கொடுக்கவில்லை. ஜாமீன் கேட்கவில்லை. 'என் மகன் கட்டட்டும்' என்றும் சொல்லவில்லை. "ஆண்டவன் மனதிரங்கி, அவனை விடுதலைபண்ணி, கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்." அவ்வளவுதான் நடக்கிறது. அவன் வெளியே போய், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். இரண்டு தொகைக்கும் 6 லட்சம் மடங்கு வித்தியாசம். விஷயம் தெரிந்ததும் ராஜா தள்ளுபடியை ரத்து செய்து, பழைய பாக்கி முழுவதையும் மறுபடி கேட்கிறார்.

இந்த முடிவு பயங்கரமானது; அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. ஆனால் கட்டணக் கோட்பாட்டுக்கு இதுவே ஒரு பெரிய தடை. யாரோ ஒருவர் அந்த 10,000 தாலந்தைக் கட்டியிருந்தால், ராஜா அதை இரண்டாம் தடவை கேட்க முடியாது. ரத்து செய்ய முடிகிறது என்றால், அது வரவு வைக்கப்பட்ட கடனாக இருக்க முடியாது, இரக்கத்தால் விடப்பட்டது.

லூக்கா 7இல் 500 தெனாரியமும் 50 தெனாரியமும் கடன்பட்ட இருவரின் கதையும் இதே மாதிரிதான். கொடுக்க அவர்களுக்கு வழியில்லை, கடன் கொடுத்தவர் இருவருக்கும் விட்டுவிடுகிறார். சொத்தில் தன் பங்கை அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய குமாரன் கதையில் அப்பா கணக்கே கேட்பதில்லை. மகன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை முடிக்கும் முன்பே மோதிரம் வருகிறது.

இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. உபாகமம் 15 ஏழாம் வருஷ முடிவில் கடன்களை விட்டுவிடச் சொல்கிறது. கடன்பட்டவன் கட்ட மாட்டான், மூன்றாம் ஆள் ஒருவரும் கட்ட மாட்டார். கொடுத்தவன் கையை விட்டுவிட வேண்டும். அந்த விடுதலைக்கு கிரேக்க மொழிபெயர்ப்பு வைத்த சொல் 'அஃபெசிஸ்'. ஐம்பதாம் வருஷத்தில் வரும் விடுதலை ஆண்டான யூபிலிக்கும் அதே சொல். புதிய ஏற்பாட்டில் 'பாவமன்னிப்பு' என்று வரும் இடங்களில் இருப்பதும் அதே 'அஃபெசிஸ்'தான். மன்னிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே கடன் தள்ளுபடியின் சட்டம் குடியிருக்கிறது.

அப்புறம் கட்டணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் வேர் பைபிளிலேயே உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மனுஷகுமாரன் "அநேகரை மீட்கும்பொருளாக" தம் ஜீவனைக் கொடுக்க வந்தார் என்கிறது மாற்கு 10:45. "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்கிறார் பவுல். ஏசாயா 53 நமக்குரிய ஆக்கினை அவர்மேல் வந்தது என்கிறது. ரோமர் 3:25, 26 கடவுளின் நீதியையும் சிலுவையையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடுகிறது. கட்டணம் தேவை என்பவர்களுக்கு ஆக வலுவான இடம் இந்த ரோமர் பகுதி என்றே நினைக்கிறேன்.

மீட்புக்கிரயம் என்றால் அது அடிமையை மீட்கும் விலை. விலை என்றால் வாங்குகிறவர் ஒருவர் வேண்டும். யார் வாங்கினார்? புதிய ஏற்பாடு பேர் சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற சபை ஆசிரியர் பிசாசுக்குக் கொடுக்கப்பட்டதாகப் பேசினார். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகரக் கிரெகோரி இன்னும் போய், கிறிஸ்துவின் மனிதத்தன்மை தூண்டில் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மை முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்றார். அவருடைய நண்பர், பேரும் அதே பேர், நாசியான்சுஸ் நகரக் கிரெகோரிக்கு இது தாங்கவில்லை. ஓர் ஈஸ்டர் உரையில் நேராகவே கேட்டார்: இந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? பிசாசுக்கா? கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா, என்ன அவமானம்! பிதாவுக்கா? ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோது ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் கொடுத்தவர், தம் ஒரே மகனின் இரத்தத்திலா மகிழ்வார்? பிதா கேட்டதால் அல்ல, மனிதன் மீண்டும் பரிசுத்தமாக வேண்டியிருந்ததால் இது நடந்தது என்று முடித்தார். 1,600 வருஷத்துக்கு முந்தைய இந்தக் கேள்வியை நம் பிரசங்க மேடைகளில் நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

பாவம் கடன் என்பதை முழுத் தர்க்கமாகக் கட்டியெழுப்பியவர் ஆன்செல்ம். கேன்டர்பரி பேராயர். அரசனோடு முரண்பட்டு 1097இல் நாட்டை விட்டுப் போனார். அடுத்த வருஷம், 1098இல், இத்தாலியில் கப்புவா பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் 'கடவுள் ஏன் மனிதனானார்' என்ற நூலை முடித்தார். போசோ என்ற துறவி கேள்வி கேட்க, ஆன்செல்ம் பதில் சொல்லும் உரையாடல் அது. பிசாசுக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை என்று முதலிலேயே தள்ளிவிடுகிறார். அந்த வகையில் அது பெரிய முன்னேற்றம்.

பாவம் என்றால் என்ன? கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருப்பது. லத்தீனில் அவர் பயன்படுத்திய சொல் 'டெபிடும்'. அதற்குக் கடன் என்றும் பொருள், கடமை என்றும் பொருள். தமிழ் வாசகருக்கு இது கஷ்டமே இல்லை. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடும்போது அவர் வட்டிக்கு வாங்கிய பணத்தைச் சொல்லவில்லை. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்ற புறநானூற்றுத் தாயும் அப்படித்தான். ஆன்செல்மின் கடனும் அந்தக் கடன்: படைத்தவருக்கு மனிதன் ஆற்ற வேண்டிய முழுக் கீழ்ப்படிதல். இதைப் பணக்கடனாக மட்டும் படித்தால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

நூலில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். கொஞ்சம் மனம் வருந்தினால் பாவம் தீர்ந்துவிடாதா என்கிற தோரணையில் போசோ பேசுகிறார். ஆன்செல்ம் கேட்கிறார்: நீ கடவுள் முன் நிற்கிறாய். ஒருவர் 'அங்கே பார்' என்கிறார். கடவுள் 'பார்க்காதே' என்கிறார். அந்த ஒரே பார்வையை எதற்காகப் பார்ப்பாய்? பார்க்காவிட்டால் உலகமே அழியும் என்றால்? போசோ தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்கிறார்: அப்போதும் பார்க்கக் கூடாது. அப்படியானால், பாவம் எவ்வளவு கனமானது என்று நீ இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை என்கிறார் ஆன்செல்ம். பாவத்தைச் சில்லறையாக எண்ணும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மருந்து கிடையாது.

இங்கிருந்து தர்க்கம் நேராகப் போகிறது. ஒன்று ஈடு செய்ய வேண்டும், இல்லை தண்டனை. ஈடு செய்ய வேண்டியவன் மனிதன். செய்ய முடிந்தவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர். அவர் பாவமில்லாதவர், சாக வேண்டிய கடன் அவருக்கு இல்லை. ஆகவே அவருடைய சாவு கடமைக்கு மேற்பட்ட காணிக்கை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆன்செல்மில் இயேசு தண்டிக்கப்படவில்லை. தண்டனைக்குப் பதிலாக ஈடு. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் குழப்பிவிட்டார்கள்.

ஆனால் அதே நூலில், முதல் பகுதி 12ஆம் அதிகாரத்தில், போசோ ஒரு கேள்வி கேட்கிறார். எங்களுக்குத் தீமை செய்தவர்களை முழுக்க மன்னிக்கச் சொல்லிக் கடவுள் கட்டளையிடுகிறார். தாம் செய்யத் தகாத ஒன்றை எங்களைச் செய்யச் சொல்வது முரண் இல்லையா? ஆன்செல்மின் பதில் சுருக்கமானது: பழிவாங்குவது கடவுளுக்கு மட்டுமே உரியது, மனிதன் அதில் கைவைக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கட்டளை. இவ்வளவு கூர்மையான மனிதர் இவ்வளவு பெரிய கேள்வியை இத்தனை சீக்கிரம் கடந்துபோனது எனக்கு வருத்தம். ஏனென்றால் கர்த்தருடைய ஜெபம் இரண்டையும் 'போல' என்ற ஒரே சொல்லால் இணைக்கிறது. நாங்கள் விடுவது போல நீர் விடும். ஈடு வாங்கிக்கொண்டுதான் அவர் விடுவார் என்றால், அந்தப் 'போல'வுக்கு என்ன அர்த்தம்?

பதில் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸிடமிருந்து வந்தது. தம் இறையியல் பெருநூலின் மூன்றாம் பாகத்தில் அவர் சொல்வது இது: நீதிபதி, வேறொருவருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைத் தண்டிக்காமல் விட்டால் அநீதி. ஆனால் தனக்கே இழைக்கப்பட்ட குற்றத்தை ஒருவர் ஈடு கேட்காமல் மன்னித்தால், அது இரக்கம், அநீதி ஆகாது. கடவுளுக்கு மேலே யாரும் இல்லை. அவர் எந்த ஈடும் இல்லாமல் மனிதனை விடுவித்திருந்தால் நீதிக்கு விரோதம் ஆகியிருக்காது. சிலுவை பொருத்தமான வழி, அழகான வழி, ஆனால் கட்டாயமான ஒரே வழி அல்ல. கத்தோலிக்க மரபின் ஆகப் பெரிய ஆசிரியர் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது.

சீர்திருத்த மரபு மறுபடி கட்டாயத்துக்குத் திரும்பியது. அதன் தலைவர்களில் ஒருவரான கால்வின் சட்டம் படித்தவர்; அவர் கையில் ஆன்செல்மின் ஈடு, தண்டனை ஆனது. 1563இல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் கேள்வி பதிலாகவே போகிறது: கடவுள் தம் நீதி நிறைவேற வேண்டும் என்கிறார், ஆகவே நாமோ வேறொருவரோ முழுவதும் செலுத்த வேண்டும். நம்மால் முடியுமா? முடியவே முடியாது, நாள்தோறும் நம் கடனைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

இதற்கு ஃபாவுஸ்தோ சோசினி என்ற இத்தாலியர் 1594இல் அச்சிட்ட நூலில் மறுப்பு எழுதினார். நான் மளிகைக் கடையில் சொன்னதுதான் அவர் வாதம்: கடன் கொடுத்தவருக்கு அதை விட்டுவிட எப்போதும் உரிமை உண்டு, கட்டித் தீர்ந்தது என்றால் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தையே அவர் மறுத்தவர். 1598இல் போலந்தின் கிராக்கோவில் ஒரு கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு, அவருடைய தாள்களைக் கொளுத்தியது. அவருடைய மற்ற முடிவுகளை நான் ஏற்கவில்லை. இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் இன்றுவரை நேரான பதில் வரவில்லை என்று நினைக்கிறேன். 1617இல் பதில் எழுதிய சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ்கூட, கடவுளைக் கடன் கொடுத்தவர் இடத்திலிருந்து எடுத்து ஆட்சியாளர் இடத்தில் வைத்துத்தான் வாதாட வேண்டியிருந்தது. கடனை விடலாம், ஆனால் சட்டத்தின் மதிப்பு நாட்டில் நிலைக்க வேண்டும் என்றார். கடன் உருவகம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இன்னும் இரண்டு வசனங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிரசங்கங்களில் அவை அடிக்கடி வருவதால்.

சிலுவையில் இயேசு சொன்ன "முடிந்தது" என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'முழுவதும் செலுத்தப்பட்டது' என்று பொருள், அந்தக் கால ரசீதுகளில் அப்படி எழுதுவார்கள் என்று சொல்வதுண்டு. அந்த வினைச்சொல்லுக்கு வரி கட்டுதல் என்ற பொருளும் உண்டு, உண்மைதான்; ரோமர் 13:6இல் அப்படி வருகிறது. ஆனால் யோவான் 19:30க்கு இரண்டு வசனம் முன்னால், 28இல், அதே சொல் அதே வடிவில் 'எல்லாம் முடிந்தது என்று அறிந்து' என்று வருகிறது. அங்கே ரசீது எதுவும் இல்லை. ஒப்படைத்த வேலை நிறைவேறியதைத்தான் யோவான் சொல்கிறார்.

அடுத்தது கொலோசெயர் 2:14. "நமக்கு எதிரிடையாக" இருந்த "கையெழுத்தைக் குலைத்து", சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. 'கையெழுத்து' என்று அங்கே இருப்பது கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த பத்திரம். நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. அந்தப் புரோநோட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 'பணம் பெற்றுக்கொண்டேன், பைசல்' என்று யாரும் பின்பக்கத்தில் எழுதவில்லை. எழுத்தைத் துடைத்து அழித்து, செல்லாத தாளாக எல்லோரும் பார்க்க ஆணியடிக்கிறார்கள். கடன் பேச்சும் சிலுவையும் இவ்வளவு நெருங்கி வரும் இந்த இடத்திலும் பவுலின் வினைச்சொல் 'கட்டினார்' என்பதில்லை.

"இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற எபிரெயர் 9:22ஐ இங்கே எடுத்துக் காட்டுவார்கள். அதே வசனத்தின் முன்பாதியில் "கொஞ்சங்குறைய" என்று ஒரு சொல் இருக்கிறது, படிக்கும்போது வழுக்கிப் போய்விடும். அந்தக் கொஞ்சம் எது என்பதற்கு லேவியராகமம் 5:11 போக வேண்டும். பாவநிவாரண பலிக்கு ஆடு கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக்கள். புறாவுக்கும் வழியில்லாதவன்? ஒரு எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கு, நம் அளவில் சுமார் 2 லிட்டர். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். ஒரு ஏழை, மூடி கட்டிய மாவுப் பாத்திரத்தோடு பலிபீடத்துக்கு வருகிறான். ஆசாரியன் ஒரு கைப்பிடி எடுத்து நெருப்பில் போடுகிறான். "அது பாவநிவாரண பலி" என்று சட்டம் சொல்கிறது. சொட்டு இரத்தம் இல்லை. அவனும் மன்னிக்கப்பட்டவனாகவே வீட்டுக்குப் போகிறான். தொகை கட்டாயம் என்றால் இந்தச் சலுகைக்கு இடமே இருந்திருக்காது.

ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகர ஆயராகக் கொஞ்ச காலம் இருந்த சிரிய மரபின் துறவி ஈசாக்கு, கடவுளை நீதிமான் என்று கூப்பிடாதே, உன் காரியங்களில் அவர் நீதி தெரியவே இல்லை என்று எழுதினார். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்த எஜமானையும், இளைய குமாரனின் அப்பாவையும் காட்டித்தான் அதைச் சொன்னார்.

இப்படியெல்லாம் சொன்னால் மன்னிப்பு மலிவாகிவிடாதா என்ற கேள்வி எழும். எழ வேண்டும். கட்டணம் என்று பிடிவாதமாகச் சொல்கிறவர்களின் மனதில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன்: பாவம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. ஆனால் தள்ளுபடி எப்போதும் இலவசமாக இருந்ததில்லை. கடன்பட்டவனுக்குத்தான் இலவசம். அண்ணாச்சி கோடு போட்ட 3,000 ரூபாய் சரக்கு அவர் கடையிலிருந்து போனது போனதுதான். ராஜாவின் கஜானாவில் 10,000 தாலந்து குறைகிறது. ஆட்டுக்கடாவோ மகனோ மச்சானோ வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை, ராஜாவே தாங்கிக்கொள்கிறார். நம் மொழியில் சொன்னால், பொறுத்துக்கொள்கிறார். சிலுவையை நான் இங்கே வைத்துத்தான் பார்க்கிறேன். கோபமாக இருக்கும் பிதாவுக்கு மூன்றாம் ஆள் ஒருவர் பணம் கட்டும் இடமாக அது எனக்குத் தெரியவில்லை. நஷ்டப்பட்டவரே நஷ்டத்தைத் தம் உடம்பில் வாங்கிக்கொள்ளும் இடம் அது. "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தை ஒப்புரவாக்கினார், "பாவங்களை எண்ணாமல்" என்று 2 கொரிந்தியர் 5:19 சொல்லும்போது, கணக்கு எழுதுகிறவரும் எண்ணாமல் விடுகிறவரும் ஒருவரே.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்த தீமையைக் கடவுள் எப்படித் தள்ளுபடி செய்யலாம்? அக்குவினாஸ் சொன்ன நீதிபதி இங்கே குறுக்கே நிற்பார். அடிபட்டவர்களிடம் போய், 'கடவுளே அவனை மன்னித்துவிட்டார், நீயும் மறந்துவிடு' என்று சொல்லும் கொடுமையை நம் சபைகளில் நிறையப் பேர் அனுபவித்திருக்கிறார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதில் தெளிவாக இருக்கிறது: மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவத்தை, அவன் அயலானைச் சமாதானப்படுத்தும் வரை பாவநிவாரண நாளும் தீர்க்காது. லேவியராகமம் 6இன் சட்டமும் அப்படித்தான்: அபகரித்ததை அசலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து உரியவனுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பலி.

லூக்கா 19இல் சகேயு வீட்டில் நடப்பது இதுதான். வரி வசூலில் கொழுத்தவன். இயேசு அவன் வீட்டுக்குள் போகும்போது அவன் எதையும் கட்டியிருக்கவில்லை. அவரைப் பார்க்க ஏறியிருந்த மரத்திலிருந்து இறங்கியது மட்டும்தான். உள்ளே அவரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது எதுவோ அதை நாலத்தனையாய்த் திருப்பிச் செலுத்துகிறேன் என்கிறான். அந்தக் காசில் ஒன்றும் இயேசுவின் கைக்குப் போகவில்லை. எரிகோவின் தெருக்களில், அவன் யாரிடம் பிடுங்கினானோ அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் அது போக வேண்டியிருந்தது.